கோதுமை மானியம் ஒரு கவுண்டிக்கு எவ்வளவு போனது? சம்னர் கவுண்டியை வைத்துக் கணக்குப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்க வேளாண் மானியங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஓர் அட்டவணை கண்ணில் படும். ஒரு மாநிலம், அதில் ஒரு கவுண்டி (நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு), ‘கோதுமை மானியம்’ என்ற தலைப்பு, அதன் கீழே 1995 தொடங்கி ஆண்டுக்கு ஒரு தொகை என்று அது இருக்கும். சில ஆண்டுகளில் தொகை மலைபோல் எழும்பும், சில ஆண்டுகளில் ஒன்றுமே இராது. கோதுமை அதிகம் விளைந்த ஆண்டில் பணம் அதிகம் போயிருக்கும் என்றோ, பயிர் பொய்த்த ஆண்டில் அரசு கைகொடுத்திருக்கும் என்றோ நினைத்துக்கொண்டு அந்த எண்களைப் படிப்பவர் தவறான முடிவுக்கே வருவார். அந்தப் பணத்தின் பெரும்பகுதி வயலில் நிற்கும் கோதுமைக்காகத் தரப்படுவதில்லை. அந்த நிலத்தில் முன்னொரு காலத்தில் கோதுமை விதைக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருப்பதற்காகத் தரப்படுவது அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கவுண்டியின் கணக்கை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதை ஆய்வு மாணவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது கன்சஸ் மாநிலத்தின் 105 கவுண்டிகளில் ஒன்றான சம்னர் கவுண்டி. மாநிலத்தின் தென் விளிம்பில் ஒக்லஹோமாவை ஒட்டிக் கிடக்கும் இந்த நாட்டுப்புற வட்டாரத்தின் தலைநகர் வெல்லிங்டன். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி மொத்தக் கவுண்டியிலும் 22,382 பேர்தான். ‘உலகின் கோதுமைத் தலைநகரம்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர் இது. ஆண்டுதோறும் ஜூலையில் கோதுமைத் திருவிழாவும் நடக்கிறது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் விதைத்து ஜூனில் அறுக்கும் சிவப்புக் குளிர்காலக் கோதுமைதான் இங்கே பயிர். பெரும்பாலும் மானாவாரி.

உள்ளே போவதற்குமுன் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். குறைந்தபட்ச ஆதார விலை என்றதும் நம் நினைவுக்கு வருவது கொள்முதல் நிலையமும் மூட்டைகளும் தான். சம்னரில் இன்று அரசு கோதுமையை வாங்குவதில்லை. விவசாயி எலிவேட்டர் என்று சொல்லப்படும் தனியார் அல்லது கூட்டுறவுத் தானியக் கிடங்குக்கு லாரியைக் கொண்டுபோகிறார். அங்கே எடைமேடையில் நிறுத்தி, குழாயைச் செருகி மாதிரி எடுத்து, ஈரத்தையும் புஷல் எடையையும் பார்த்து, அன்றைய சந்தை விலையைப் போடுகிறார்கள். 60 பவுண்டு, அதாவது சுமார் 27.2 கிலோ கொண்டது ஒரு புஷல். அந்த வியாபாரத்தில் அரசு குறுக்கிடுவதில்லை. அரசின் பணம் மாதக்கணக்கில் கழிந்து, வேறொரு கணக்கின்படி, தனியாக வருகிறது. (அமெரிக்க அரசு கோதுமையைக் கையில் குவித்து வைத்திருந்த காலமும் உண்டு. 1954ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் 480இன் கீழ் இந்தியாவுக்குக் கப்பலேறி நம் ரேஷன் கடைகள்வரை வந்தது அத்தகைய உபரிக் கோதுமைதான்.)

முதல் படி: எந்தச் சட்டத்தின் காலம் என்று பாருங்கள்

அட்டவணையில் 1995இலிருந்து இன்றுவரை ஒரே நெடுவரிசையாகத் தெரிவது உண்மையில் நான்கு வெவ்வேறு ஏற்பாடுகளின் பணம். அவற்றை ஒன்றாகக் கூட்டி ‘முப்பதாண்டு மொத்தம்’ என்று எழுதுவதைவிடப் பயனற்ற எண் வேறில்லை என்பது என் எண்ணம்.

1995 வரை இருந்தது இலக்கு விலை முறை. கோதுமைக்கு இலக்கு விலை புஷலுக்கு 4 டாலர் என்று வைத்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுத்தது, பதிலுக்குக் குறிப்பிட்ட பரப்பைத் தரிசாகப் போடச் சொல்ல அதிகாரம் வைத்திருந்தது. 1996ஆம் ஆண்டின் சட்டம் இதை அறுத்தது. எதை விதைத்தாலும் சரி, விலை எதுவானாலும் சரி, முன்பு பதிவான பரப்புக்கு ஏழு ஆண்டுகளுக்குக் குறைந்துகொண்டே போகும் ஒரு தொகை என்றது. விலை சரிந்ததும் 1998 முதல் 2001 வரை அதன்மேல் அவசர உதவிகளும் சேர்ந்தன. 2002ஆம் ஆண்டின் சட்டம் ‘நேரடித் தொகை’ என்ற பெயரில் கோதுமைக்குப் புஷலுக்கு 52 சென்ட் நிலையாகக் கொடுத்தது. 2008இன் தொடக்கத்தில் வாயிதாச் சந்தையில் கோதுமை 10 டாலரைத் தாண்டியபோதும் அந்த 52 சென்ட் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயரைக் கெடுத்தது பெரும்பாலும் இதுதான். 2014ஆம் ஆண்டின் சட்டம் நேரடித் தொகையை நிறுத்தி, இப்போதுள்ள இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. விலை வீழ்ச்சியை ஈடுகட்டும் பிஎல்சி, வருவாய் வீழ்ச்சியை ஈடுகட்டும் ஏஆர்சி என்பவை அவை. 2018இலும் 2025இலும் வந்த சட்டங்கள் இவற்றின் எண்களை மாற்றினவே தவிர, அமைப்பை மாற்றவில்லை.

இரண்டாம் படி: அடிப்படை ஏக்கரைத் தேடி எடுங்கள்

எல்லாக் குழப்பமும் தொடங்கும் இடம் இது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பண்ணைக்கும் வேளாண்துறையின் கவுண்டி அலுவலகமான எஃப்எஸ்ஏவில் ஒரு பண்ணை எண் உண்டு, அதற்குள் துண்டு எண்கள் உண்டு. 156இஇசட் என்று அழைக்கப்படும் ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் முதலில் மொத்த நிலம், பிறகு சாகுபடி நிலம், அதன் கீழே பயிர்வாரியாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அடிப்படை ஏக்கர், அதாவது அந்தப் பயிருக்கென்று பண்ணைக்குப் பதிவான வரலாற்றுப் பரப்பு. மற்றது கணக்கு மகசூல், அதாவது மானியக் கணக்குக்காகப் பதிவான, ஏக்கருக்கு இத்தனை புஷல் என்ற எண். ‘கோதுமை, 1,000 ஏக்கர், 35 புஷல்’ என்று இருந்தால் அந்தப் பண்ணையின் கோதுமை மானியம் அந்த இரண்டு எண்களின்மீதே கட்டப்படும். இந்த ஆண்டு அந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்பது 578 என்ற வேறு படிவத்தில் இருக்கிறது. குளிர்காலக் கோதுமைக்கு அதைக் கன்சஸில் டிசம்பர் 15க்குள் கொடுக்க வேண்டும். நம் ஊர் வழக்கில் சொன்னால் 578 அடங்கலைப் போன்றது, 156இஇசட் சிட்டாவைப் போன்றது, பணம் வருவது சிட்டாவைப் பார்த்து.

இந்த அடிப்படை ஏக்கர் எங்கிருந்து வந்தது? 1938ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு பண்ணையும் இத்தனை ஏக்கர்தான் கோதுமை விதைக்கலாம் என்று ஒதுக்கீடு செய்தது. ஒஹையோவில் ஃபில்பர்ன் என்ற விவசாயி 11.1 ஏக்கர் ஒதுக்கீட்டை மீறி 23 ஏக்கர் விதைத்ததற்காகப் புஷலுக்கு 49 சென்ட் தண்டம் விதிக்கப்பட்ட வழக்கில், 1942இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒதுக்கீடுகள் பின்னர் போய்விட்டன, ஆனால் ஒவ்வொரு பண்ணைக்கும் வரலாற்றுப் பரப்பு ஒன்றைப் பதிந்து வைக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. 2002இல், 1998 முதல் 2001 வரை விதைத்ததைக் காட்டி அதைப் புதுப்பிக்க நிலச்சொந்தக்காரர்களுக்கு வாய்ப்புத் தந்தார்கள். 2014இல் 2009 முதல் 2012 வரை விதைத்ததற்கேற்ப பயிர்களுக்கிடையே மறுபங்கீடு செய்துகொள்ளலாம் என்றார்கள், ஆனால் மொத்தம் கூடக் கூடாது. 2025ஆம் ஆண்டின் சட்டம் 2019 முதல் 2023 வரையிலான விதைப்பை வைத்து நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர்வரை புதிதாகச் சேர்க்க இடம் தருகிறது.

இதன் விளைவு எளிமையானது. அமெரிக்காவில் கோதுமை அடிப்படை ஏக்கர் சுமார் 6.3 கோடி என்று இருந்துவருகிறது. உண்மையில் விதைக்கப்படும் கோதுமை அண்மை ஆண்டுகளில் 5 கோடி ஏக்கரைத் தொடவில்லை. சம்னரிலும் சோயா, சோளம், மக்காச்சோளம், பருத்தி எல்லாம் கோதுமை நிலத்துக்குள் நுழைந்துவிட்டன. கோதுமை அடிப்படை உள்ள நிலத்தில் சோயா விதைத்தவருக்கும் கோதுமை மானியம் வரும். எதையும் விதைக்காமல் விட்டவருக்கும் வரும். பழமோ காய்கறியோ ஓர் அளவுக்கு மேல் பயிரிட்டால்தான் குறையும்.

எனவே செய்ய வேண்டியது இரண்டு தேடல்கள். எஃப்எஸ்ஏ வெளியிடும் கவுண்டிவாரித் தாளிலிருந்து திட்டத்தில் சேர்ந்த கோதுமை அடிப்படை ஏக்கரை எடுங்கள். வேளாண்துறையின் புள்ளிவிவரப் பிரிவு நடத்தும் குவிக் ஸ்டாட்ஸ் தளத்திலிருந்து அதே ஆண்டில் அதே கவுண்டியில் விதைத்த, அறுத்த ஏக்கர்களை எடுங்கள். இரண்டையும் அருகருகே எழுதிவைத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். போதிய பதில்கள் வராத ஆண்டுகளில் புள்ளிவிவரப் பிரிவு கவுண்டி எண்ணை வெளியிடாது. அப்போது அந்த இடத்தை வெற்றாகவே விடுங்கள், முன்பின் ஆண்டுகளின் சராசரியைப் போட்டு நிரப்ப வேண்டாம்.

மூன்றாம் படி: பிஎல்சி கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

சட்டம் கோதுமைக்கு ஒரு குறிப்பு விலை வைத்திருக்கிறது. 2014 முதல் 2024 வரையிலான பயிர்களுக்கு அது புஷலுக்கு 5.50 டாலர், 2025 பயிரிலிருந்து 6.35 டாலர். முந்தைய ஆண்டுகளின் சந்தை விலை உயர்ந்திருந்தால் இது ஓர் உச்சவரம்புக்குள் தானாக ஏறவும் செய்யும். ஜூன் 1 முதல் மே 31 வரையிலான சந்தை ஆண்டில் விவசாயிகள் பெற்ற தேசிய சராசரி விலை இதற்குக் கீழே போனால், அந்த வித்தியாசமே மானிய விகிதம். அதைக் கணக்கு மகசூலாலும், அடிப்படை ஏக்கரின் 85 விழுக்காட்டாலும் பெருக்க வேண்டும்.

2016 பயிரை எடுத்துக்கொள்வோம். தேசிய சராசரி விலை 3.89 டாலர். 5.50இலிருந்து கழித்தால் 1.61 டாலர். 1,000 ஏக்கர் அடிப்படையும் 35 புஷல் கணக்கு மகசூலும் உள்ள நம் கற்பனைப் பண்ணைக்கு 1.61 × 35 × 850 = 47,897 டாலர். அதிலிருந்து கூட்டரசின் கட்டாய நிதிக்குறைப்பாக 6.6 விழுக்காடு போக, கைக்கு வருவது சுமார் 44,736 டாலர். இதே பண்ணைக்குப் பழைய நேரடித் தொகை 85 விழுக்காட்டுக் கணக்கில் 0.52 × 35 × 850 = 15,470 டாலர்தான். ‘நேரடித் தொகையை ஒழித்தோம்’ என்ற பேச்சை இந்த இரண்டு எண்களோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது அந்த 2016இல் கன்சஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். மாநிலத்தின் சராசரி ஏக்கருக்கு 57 புஷல், மொத்த விளைச்சல் 46.7 கோடி புஷல், அதுவரை காணாத மகசூல். கிடங்குகள் நிரம்பித் தரையில் குவித்தார்கள், எலிவேட்டர் விலை பல இடங்களில் 3 டாலருக்கும் கீழே இறங்கியது. பிஎல்சி கோதுமைக்கு அன்றுவரை தந்ததிலேயே பெரிய விகிதம் அந்த ஆண்டுக்குரியது. மறுபக்கம் 2023ஐ வையுங்கள். கடும் வறட்சி, மாநிலம் முழுவதும் சுமார் 20 கோடி புஷல்தான் விளைந்தது, விதைத்ததில் கால் பங்குக்கு மேல் அறுக்கப்படாமலே கைவிடப்பட்டது. அந்தச் சந்தை ஆண்டின் தேசிய விலையோ 6.96 டாலர். எனவே பிஎல்சி தந்தது சுழியம். விலைக்கு ஈடு தரும் திட்டம் விளைச்சலைப் பார்ப்பதில்லை, அது அதன் வேலையும் இல்லை. ஆனால் கவுண்டி அட்டவணையில் 2023க்கு நேரே வெறுமையைப் பார்த்து ‘சம்னர் விவசாயிகளுக்கு அந்த ஆண்டு உதவி தேவைப்படவில்லை’ என்று எழுதிவிடும் அபாயம் உண்டு.

2024 பயிரில் இன்னொரு வேடிக்கை. தேசிய விலை 5.52 டாலரில் நின்றது, குறிப்பு விலை 5.50. இரண்டே சென்ட் வித்தியாசத்தில் நாடு முழுவதும் பிஎல்சி கோதுமைப் பணம் இல்லாமல் போயிற்று.

தேசிய விலை என்பதையும் கவனியுங்கள். வாஷிங்டன் மாநிலத்து வெள்ளைக் கோதுமை, வட டகோட்டாவின் வசந்தகாலக் கோதுமை, சம்னரின் சிவப்புக் கோதுமை எல்லாம் கலந்த ஒரே சராசரி அது. வெல்லிங்டன் எலிவேட்டரின் விலை அதற்குக் கீழே எவ்வளவு கிடந்தாலும் கணக்கில் வராது.

நான்காம் படி: ஏஆர்சியைச் சேர்த்து, எந்தத் திட்டம் தேர்வானது என்று பாருங்கள்

கவுண்டி அளவிலான ஏஆர்சி இன்னொரு வழியில் போகிறது. ஐந்து ஆண்டுகளின் விலையில் உச்சத்தையும் அடியையும் நீக்கி மூன்றின் சராசரியை எடுக்க வேண்டும். கவுண்டி மகசூலுக்கும் அப்படியே. இரண்டையும் பெருக்கினால் அடிமட்ட வருவாய். 2025ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு அதில் 90 விழுக்காடு உத்தரவாதம் (முன்பு 86), கொடுக்கும் தொகைக்கு 12 விழுக்காடு உச்சவரம்பு (முன்பு 10).

2025 பயிருக்கான அடிமட்ட விலை கோதுமைக்கு 6.98 டாலராக வருகிறது. கவுண்டியின் சராசரி மகசூல் 38 புஷல் என்றும், அந்த ஆண்டு 34 கிடைத்தது என்றும், விலை 5.60 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த மூன்றும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. அடிமட்ட வருவாய் 265.24, உத்தரவாதம் 238.72, கிடைத்த வருவாய் 190.40. பற்றாக்குறை 48.32 என்றாலும் உச்சவரம்பு 31.83இல் வெட்டிவிடும். அதில் 85 விழுக்காடு என்றால் அடிப்படை ஏக்கருக்கு 27.06 டாலர். அதே விலையில் நம் பண்ணையின் பிஎல்சி 0.75 × 35 × 0.85 = 22.31 டாலர், ஆகவே ஏஆர்சி மேல். விலை 5 டாலருக்கு இறங்கினால் பிஎல்சி 40.16 ஆகிவிடும், ஏஆர்சியோ 27.06இலேயே முட்டி நிற்கும்.

எந்தத் திட்டம் என்பதைச் சந்தை எப்படிப் போகும் என்று தெரியாத நிலையில் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். 2014இல் செய்த தேர்வு ஐந்து ஆண்டுகளுக்கு மாற்ற முடியாததாக இருந்தது. கோதுமை ஏக்கரில் பாதிக்கு மேல் அன்று ஏஆர்சிக்குப் போயிற்று. 2019இல் மீண்டும் வாய்ப்பு வந்தபோது மிகப் பெரும்பாலானவர்கள் பிஎல்சிக்குத் தாவினார்கள். 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது கூடுதலோ அது தானாகவே கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. இரண்டு பக்கத்துக் கவுண்டிகளின் ஏக்கர்வாரித் தொகை 2014 முதல் 2018 வரை பெரிதும் வேறுபட்டால் விவசாயத்தில் காரணம் தேடுமுன், ஒன்றில் ஏஆர்சியும் மற்றதில் பிஎல்சியும் கூடுதலாகத் தேர்வாகியிருந்ததா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆண்டுகளைப் பொருத்துங்கள்

2016 ஜூனில் அறுத்த பயிருக்கு 2017 மே 31இல் சந்தை ஆண்டு முடிகிறது, பணம் 2017 அக்டோபர் 1க்குப் பிறகு வருகிறது. அது கூட்டரசின் கணக்கில் 2018 நிதியாண்டு. ஆக ஒரே பணம் ஓர் அட்டவணையில் 2016 என்றும், இன்னொன்றில் 2017 என்றும், மூன்றாவதில் 2018 என்றும் நிற்கலாம். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்துப் பயிராண்டுக்கு மாற்றிக்கொள்ளாமல் மழையோடும் விலையோடும் ஒப்பிடாதீர்கள்.

ஆறாம் படி: பணம் யார் கைக்குப் போனது

நம் பண்ணையின் 44,736 டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் ரொக்கக் குத்தகையில் இருந்தால் முழுவதும் உழுபவருக்கு. கன்சஸ் கோதுமை நிலத்தில் நெடுங்காலமாக வழங்கும், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைச் சொந்தக்காரருக்குத் தரும் வாரக் குத்தகையாக இருந்தால் சொந்தக்காரருக்கு 14,912, உழுபவருக்கு 29,824. ரொக்கக் குத்தகையில் சொந்தக்காரருக்குக் காசோலை வருவதில்லை என்றாலும், அடுத்த முறை குத்தகை பேசும்போது அடிப்படை ஏக்கர் எவ்வளவு என்பதும் பேச்சில் வந்துவிடும். மானியத்தில் ஒரு பங்கு அந்த வழியாக நிலத்தின் மதிப்புக்குள் போய்ச் சேர்கிறது.

வாரக் குத்தகையில் பங்கு பெறும் சொந்தக்காரர் சம்னரில் இல்லாமல் விச்சிட்டாவிலோ வேறு மாநிலத்திலோ வசிக்கலாம். சில பட்டியல்கள் பண்ணை இருக்கும் கவுண்டியின்படியும், சில பெறுபவரின் முகவரிப்படியும் தொகுக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது நிலத்துக்குப் போன பணம், இரண்டாவது ஊருக்கு வந்த பணம். உங்கள் கேள்விக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்துகொண்டு எடுங்கள்.

நபர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று 2014 முதல் இருந்த உச்சவரம்பு 2025இல் 1,55,000 ஆக உயர்ந்தது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் எதுவும் கிடையாது. 2016இன் விகிதத்தில் நம் பண்ணையைப் போன்ற நிலத்தில் சுமார் 2,600 அடிப்படை ஏக்கர் இருந்தால்தான் ஒருவர் அன்றைய 1,25,000 டாலர் உச்சவரம்பைத் தொடுவார். அதற்கு மேல் உள்ளவர்களுக்குக் கூட்டுப் பங்காண்மை என்ற வழி இருக்கிறது, அதில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி உச்சவரம்பு. ஆகவே ஒரு பங்காண்மையின் பெயருக்கு நேரே பெரிய தொகை இருந்தால் அது நான்கைந்து குடும்பங்களின் பணமாக இருக்கலாம். பெயர்ப்பட்டியல் பொதுவில் கிடைப்பதாலேயே ஒருவரைச் சுட்டிக்காட்டி ‘இவ்வளவு வாங்கினார்’ என்று எழுதுவது நியாயமாகாது.

ஏழாம் படி: பயிர்க் காப்பீட்டைத் தனித் தாளில் போடுங்கள்

2023ஐப் போன்ற ஆண்டுகளில் சம்னரைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இதுதான். இருந்தும் பெரும்பாலான ‘கோதுமை மானிய’ அட்டவணைகளில் இது இராது. 1938இல் கூட்டரசுப் பயிர்க் காப்பீடு தொடங்கியபோது கோதுமைக்கு மட்டுமே இருந்தது, முதலில் காப்பீடு செய்யப்பட்டது 1939 பயிர். இன்று விவசாயி செப்டம்பர் 30க்குள் தனியார் முகவரிடம் எடுக்கிறார், பிரீமியத்தில் சராசரியாக 60 விழுக்காட்டுக்கு மேல் அரசு கட்டுகிறது. அடிப்படை ஏக்கருக்கு இங்கே வேலையில்லை. விதைத்த பரப்புக்கும் அந்தப் பண்ணையின் சொந்த மகசூல் வரலாற்றுக்கும்தான் காப்பீடு. வருமான வரம்பும் இல்லை, தொகைக்கு உச்சவரம்பும் இல்லை, பெற்றவர் பெயரும் வெளியிடப்படுவதில்லை.

இடர் மேலாண்மை முகமையான ஆர்எம்ஏவின் தொகுப்பறிக்கையில் மாநிலம், கவுண்டி, பயிர் என்று வடிகட்டினால் மூன்று எண்கள் கிடைக்கும். அவை மொத்த பிரீமியம், அதில் அரசு கட்டிய பங்கு, கொடுத்த இழப்பீடு. இழப்பீட்டையும் அரசு கட்டிய பங்கையும் கூட்டி ‘காப்பீட்டு மானியம்’ என்று போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரே பணத்தை இரண்டுமுறை எண்ணுவது. பல ஆண்டுகளின் போக்கை அறிய வேண்டுமானால் அரசு கட்டிய பங்கை எடுங்கள். ஓர் ஆண்டில் விவசாயிகள் கையில் நிகரமாக என்ன மிஞ்சியது என்று அறிய வேண்டுமானால், இழப்பீட்டிலிருந்து அவர்களே கட்டிய பிரீமியத்தைக் கழியுங்கள். சேதத்தின் காரணத்தை வறட்சி, ஆலங்கட்டி, வெப்பம் என்று மாதவாரியாகத் தரும் கோப்பும் அதே முகமையில் உண்டு. ஓர் ஆண்டு வயலில் என்ன நடந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் அரசுத் தரவு எனக்குத் தெரிந்து இல்லை.

எட்டாம் படி: ஒருமுறை உதவிகளின் அளவுகோலைப் பாருங்கள்

சட்டப்படி ஆண்டுதோறும் வரும் பணத்தின்மேல் அவ்வப்போது அவசர உதவிகள் வந்து விழும். வர்த்தகப் போருக்காக 2018இல் வந்த உதவி, உண்மையில் விளைந்த கோதுமைக்குப் புஷலுக்கு 14 சென்ட். 2019இல் அதே உதவி, பயிர் எதுவானாலும் கவுண்டிக்கு ஒரே ஏக்கர் விகிதம் என்று மாறியது, ஆகவே அந்த ஆண்டின் தொகையில் கோதுமைக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. 2020இல் பெருந்தொற்றுக்காக வந்த முதல் சுற்றில் வசந்தகாலக் கோதுமையும் டியூரம் என்ற கோதுமை வகையும் இருந்தன, சம்னர் விதைக்கும் குளிர்காலக் கோதுமை இல்லை. இரண்டாம் சுற்றில்தான் அது சேர்ந்தது. 2024 பயிருக்காக 2025இல் வந்த உதவி, விதைத்த கோதுமைக்கு ஏக்கருக்கு 30.69 டாலர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுகோலில் கொடுக்கப்பட்டதால் இவற்றைத் தனி வரியில் வைத்து, பக்கத்தில் அளவுகோலையும் எழுதுங்கள். நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிடுவதற்காக 1985 முதல் தரப்படும் பாதுகாப்புக் குத்தகைப் பணம் கோதுமை நிலத்துக்கே போனாலும், அதைக் கோதுமை மானியத்தோடு சேர்க்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: இரண்டு வகுத்தல்களோடு நிறுத்துங்கள்

பயிராண்டு ஒவ்வொன்றுக்கும் பிஎல்சி, ஏஆர்சி, காப்பீட்டில் அரசின் பங்கு, ஒருமுறை உதவி என்று நான்கு நெடுவரிசைகள் இப்போது உங்களிடம் இருக்கும். முதல் இரண்டையும் அடிப்படை ஏக்கரால் வகுங்கள், பின்னிரண்டையும் விதைத்த ஏக்கரால் வகுங்கள். நான்கையும் விதைத்த ஏக்கரால் வகுத்து ‘ஒரு ஏக்கர் கோதுமைக்கு இவ்வளவு மானியம்’ என்று எழுதினால், சோயா நிற்கும் நிலத்துக்குப் போன பணமும் கோதுமையின் தலையில் ஏறிவிடும். அடிப்படை ஏக்கருக்கு வந்த தொகை, 1.61 போன்ற அந்த ஆண்டின் விகிதத்தைக் கணக்கு மகசூலாலும் 0.85ஆலும் பெருக்கிக் கிடைக்கும் எண்ணோடு கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். பெரிதாக விலகினால் நிதியாண்டு குழம்பியிருக்கலாம், முகவரிப் பட்டியலை எடுத்திருக்கலாம், அல்லது ஏஆர்சியில் சேர்ந்த ஏக்கரைக் கழிக்காமல் விட்டிருக்கலாம். இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே சரிபாருங்கள். அதன் பிறகும் விலகல் நின்றால், பண்ணை எண் வேறு கவுண்டியில் நிர்வகிக்கப்படும் நிலங்கள் எத்தனை ஏக்கர் என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கவுண்டி எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எல்லையோரக் கவுண்டியான சம்னரில் ஒக்லஹோமா பக்கமும் உழுபவர்கள் இருப்பார்கள் என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.